முழு அளவு ஹரிக்கேன் பிரதி: கட்டுவோரும் பழுது பார்ப்போரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹாக்கர் ஹரிக்கேன், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பறக்கவிட்ட ஒற்றை இருக்கைப் போர் விமானம். சிட்னி காம் வடிவமைத்தது. 1935 நவம்பர் 6இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் முதல் முறை பறந்தது. 14,500 விமானங்கள்வரை கட்டப்பட்டாலும் இன்று மிஞ்சியவை கொஞ்சம்தான். அதனால் அருங்காட்சியக வாசலிலும் விமானத்தள முகப்பிலும் நினைவிடத்திலும் நிற்பது பெரும்பாலும் பிரதி. திறந்தவெளியில் நிற்கும், பறக்காத, முழு அளவுப் பிரதியைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். இரண்டு விஷயத்தை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: பிரதியைக் கெடுப்பது தண்ணீர், கவிழ்ப்பது காற்று. வடிவத்தில் வரும் பிழையைப் பிறகு சரி செய்யலாம். இந்த இரண்டையும் கட்டும்போதே யோசிக்காவிட்டால் பத்து வருடத்தில் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

உண்மையான விமானத்தை வைக்காமல் பிரதியை ஏன் வைக்கிறார்கள்?

வெயிலும் மழையும் உண்மையான விமானத்தைத் தின்றுவிடும் என்பதால். பிரிட்டிஷ் விமானப்படைத் தளங்களின் வாசலில் பல ஆண்டுகள் உண்மையான ஸ்பிட்ஃபயர்கள்தான் நின்றன. 1980களின் இறுதியில் அவற்றை உள்ளே எடுத்துவிட்டு ஃபைபர் (கண்ணாடி இழை) பிரதிகளை நிறுத்தினார்கள். பிரிட்டனில் இப்படிப்பட்ட பிரதிகளுக்கு பி.ஏ.பி.சி. (பிரிட்டிஷ் விமானப் பாதுகாப்பு மன்றம்) என்ற தனி வரிசையில் எண் தருகிறார்கள். பக்கவாட்டில் எந்த விமானத்தின் எண் எழுதியிருந்தாலும், பொருள் பிரதிதான் என்பது பதிவேட்டில் தெளிவாக இருக்கும். நீங்கள் எந்த நாட்டில் கட்டினாலும், காக்பிட்டுக்குள் ஒரு சின்னத் தகட்டில் "பிரதி" என்ற சொல்லையும் கட்டிய ஆண்டையும் பொறித்து வையுங்கள். ஐம்பது வருடம் கழித்து வருபவர் குழம்ப மாட்டார்.

ஸ்பிட்ஃபயரை விட்டுவிட்டு ஹரிக்கேன் ஏன்?

கைப்பட்டறையில் கட்டுவதற்கு ஹரிக்கேன் இடம் கொடுக்கும். ஸ்பிட்ஃபயரின் நீள்வட்ட இறக்கையில் நேர்கோடு தேடினாலும் கிடைக்காது. ஹரிக்கேன் அதற்கு முந்தைய இருதள விமானங்களின் வழி வந்தது. உள்ளே எஃகுக் குழாய்களால் ஆன கர்டர். குழாய் முனைகளைச் சதுரமாக்கி, தகடும் போல்ட்டும் வைத்து இணைத்தார்கள், வெல்டிங் செய்யவில்லை. காக்பிட்டுக்குப் பின்னால் பிளைவுட் வளையங்கள், அவற்றின் மேல் நீளவாட்டில் மரச் சட்டங்கள், அதற்கு மேல் டோப் (துணியை இறுக்கி நீர் புகாமல் காக்கும் அரக்கு) பூசிய லினன் துணி. முன்பகுதி மட்டும் உலோகத் தகடு. காக்பிட் மூடி பல சின்னக் கண்ணாடிகளை வைத்துக் கட்டிய கூண்டு. ஒரே பெரிய குமிழை ஊதித் தயாரிக்கும் வேலை கிடையாது.

முதல் வேலை எது? இரும்பு வாங்குவதா, வரைபடம் தேடுவதா?

இரண்டும் இல்லை. ஒரு விமானத்தையும் ஒரு தேதியையும் முடிவு செய்வதுதான் முதல் வேலை. "1940இல் இருந்த மாதிரி ஒரு ஹரிக்கேன்" என்று தொடங்கியவர்கள் கடைசியில் மூன்று வருடத்து அடையாளங்களை ஒரே விமானத்தில் ஒட்டிவிடுகிறார்கள்.

தேதியைப் பொறுத்து மாறுவது பெயின்ட் மட்டுமல்ல. ஆரம்பகால ஹரிக்கேன்களில் இரண்டு அலகு கொண்ட மர ப்ரொப்பெல்லர். பின்னால் மூன்று அலகு டி ஹாவிலண்ட் அல்லது ரோட்டல். முதலில் வந்த இறக்கைகளும் துணி போர்த்தியவை, 1939 முதல் உலோகத் தோல். தொடக்க விமானங்களில் வாலுக்கு அடியில் அந்தச் சின்னத் துடுப்பு கிடையாது, சுழன்று விழும்போது மீள்வதற்காகப் பின்னர் சேர்த்தது. மார்க் 2இல் மெர்லின் 20 இன்ஜின் வந்ததும் மூக்கு சில அங்குலம் நீண்டது. மார்க் 1 மூக்கோடு இறக்கைக்கு ஆறு என்று பன்னிரண்டு துப்பாக்கி வைத்தால், பார்த்த உடனே தெரிந்தவர் சிரிப்பார்.

நிறத்தில் அடிக்கடி வரும் தவறு ஒன்று: 1940 கோடைப் போரைக் குறிக்கும் பிரதிக்கு, வாலுக்கு முன்னால் வெளிர்பச்சை கலந்த 'ஸ்கை' நிறத்தில் பட்டையும் அதே நிறத்தில் மூக்குக் கூம்பும் போடுவது. 18 அங்குல அகலப் பட்டை 1940 நவம்பர் வாக்கில்தான் வந்தது. அதேபோல் அடிப்பக்கம் முழுதும் ஸ்கை என்பது 1940 ஜூன் முதல். அதற்கு முன் அடிப்பக்கம் நடுக்கோட்டோடு பிரிந்து, இடது இறக்கை கறுப்பு, வலது இறக்கை வெள்ளை.

இலங்கை வாசகர்கள் கேட்பது 1942 ஏப்ரல் 5. ஜப்பானிய விமானந்தாங்கிகள் கொழும்பைத் தாக்கிய ஈஸ்டர் ஞாயிறு. அன்று இரத்மலானையிலிருந்து 30ஆம் ஸ்குவாட்ரனும், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 258ஆம் ஸ்குவாட்ரனும் ஹரிக்கேன்களோடு எழும்பின. அந்த நாளைக் காட்டுவதென்றால் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு இருந்தே ஆக வேண்டும். ஜப்பானியச் சின்னத்தோடு குழம்பாமலிருக்கச் சிவப்பை எடுத்துவிட்டு நீலமும் வெள்ளையும் மட்டும் வைத்தது அதற்குப் பிறகு. பர்மா முனையின் படங்களைப் பார்த்துவிட்டு அதையே கொழும்புக்கும் போடக்கூடாது.

அளவுகள் எங்கே கிடைக்கும்?

மார்க் 1: இறக்கை விரிவு 40 அடி (12.19 மீட்டர்), நீளம் 31 அடி 4 அங்குலம், அதாவது 9.55 மீட்டர். இறக்கைப் பரப்பு சுமார் 24 சதுர மீட்டர். இறக்கையின் குறுக்குவெட்டு கிளார்க் ஒய்.எச். வகை. உடலோடு சேரும் இடத்தில் இறக்கை அகலத்தில் 19 சதவீதத் தடிப்பு, நுனியில் 12.2. நடு இறக்கை தட்டை, வெளி இறக்கை மட்டுமே மேல்நோக்கிச் சாயும்.

பொம்மை விமானக் கிட்டின் வரைபடத்தைப் பெரிதாக்கிக் கட்டாதீர்கள். 72இல் ஒரு பங்கு மாதிரியில் அரை மில்லிமீட்டர் பிழை, முழு அளவில் 36 மில்லிமீட்டர். மூல வரைபடங்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகக் காப்பகங்களில் இருக்கின்றன. விமானப்படையின் ஏ.பி. 1564 கையேடும் பாகங்களின் அமைப்பைப் புரிந்துகொள்ள உதவும். முடிந்தால் உண்மையான விமானத்துக்குப் பக்கத்தில் போய் நின்று அளவெடுங்கள். லண்டன் ஹெண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் பி2617 என்ற எண் கொண்ட விமானம், சயன்ஸ் மியூசியத்தில் எல்1592, புரூக்லண்ட்ஸில் இசட்2389 இருக்கின்றன. டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்திலும் ஒரு ஹரிக்கேன் நிற்கிறது. படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு மீட்டர் அளவுகோலைச் சாய்த்து வைத்து எடுப்பது, வீட்டுக்கு வந்தபின் பத்து நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

உள்சட்டம் எதில் கட்டலாம்?

சாதாரண மைல்ட் ஸ்டீல் போதும். பாரம் முழுவதும் போகும் வழி ஒன்றே: இறக்கை ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் நீளவாட்டு முதுகெலும்பு), நடுச்சட்டம், அங்கிருந்து தரை. முக்கிய ஸ்பாருக்கு 100×50 மி.மீ. பாக்ஸ் டியூப், 5 மி.மீ. தடிப்பு என்று தொடங்கி, கணக்கை ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் கொடுத்துச் சரி பாருங்கள். உடல் கர்டருக்கு 40 மி.மீ. குழாய் போதும். வெளி இறக்கையை நடு இறக்கையோடு போல்ட்டில் இணையுங்கள். உண்மையான விமானத்திலும் அப்படித்தான், லாரியில் ஏற்றவும் அதுவே வழி. கிடைவால் மூன்று மீட்டருக்கு மேல் அகலம், அதையும் கழற்றும்படி வையுங்கள்.

துருவுக்கு நல்ல மருந்து சூடான துத்தநாகக் குளியல். ஆனால் எல்லா வெல்டிங்கும் துளையும் முடிந்த பிறகுதான் அனுப்ப வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பில் வெல்டிங் வைத்தால் வரும் வெள்ளைப் புகை ஆளைக் காய்ச்சலில் தள்ளும். இன்னொன்று: ஒவ்வொரு பாக்ஸ் டியூபுக்கும் இரு முனையிலும் காற்றுத் துளை இருக்க வேண்டும். மூடிய குழாய்க்குள் துளி ஈரம் இருந்தாலும் 450 டிகிரி துத்தநாகத்தில் அது ஆவியாகிக் குழாயை வெடிக்க வைக்கும். குளியல் பட்டறைக்காரர் துளை இல்லாத சட்டத்தைத் திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள், அவர் தன் ஆட்களின் உயிரைப் பார்க்கிறார்.

அலுமினியத் தகடு எஃகை நேரடியாகத் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். இடையில் நைலான் வாஷரும் சீலண்டும் வையுங்கள்.

மேல்தோலுக்கு எவ்வளவு ஃபைபர் வேண்டும்?

இறக்கையின் இரு பக்கம், உடல், வால் எல்லாம் சேர்த்து மேற்பரப்பு சுமார் 85 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள நறுக்கிழை மேட்டில் (நறுக்கிய கண்ணாடி இழைப் பாய்) மூன்று அடுக்கு போட்டால் ஏறக்குறைய 3 மி.மீ. தடிப்பு வரும். கணக்கு இப்படி: மேட் 115 கிலோ, ரெசின் அதைப்போல் இரண்டரை மடங்கு, ஏறத்தாழ 290 கிலோ, ஜெல்கோட் (அச்சில் முதலில் பூசும் வெளிப்புற ரெசின் பூச்சு) சதுர மீட்டருக்கு 600 கிராம் வீதம் 50 கிலோ. சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். தோல் மட்டுமே 450 கிலோ. உள்சட்டத்தோடு பிரதி 900 கிலோவிலிருந்து ஒரு டன்வரை நிற்கும். உண்மையான விமானம் வெறுமனே இரண்டேகால் டன்.

ரெசின் சில இடத்தில் ஒட்டுகிறது, சில இடத்தில் வெடிக்கிறது. ஏன்?

ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டின் அளவுதான் காரணம். 20 டிகிரியில் ஒரு கிலோ பாலியெஸ்டர் ரெசினுக்கு 20 கிராம், அதாவது 2 சதவீதம். பட்டறையில் 32 டிகிரி என்றால் 10 கிராமே போதும். 15 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாதீர்கள். வாரக்கணக்கில் பிசுபிசுக்கும், பிறகு வெயில் பட்டதும் சுருங்கி, உள்ளே இருக்கும் இழையின் வடிவம் பெயின்டுக்கு மேல் எட்டிப் பார்க்கும். கேட்டலிஸ்ட் கூடினால் வாளியிலேயே சூடேறிப் புகையும். ஒரு தடவைக்கு அரை கிலோ, ஒரு கிலோ என்று கலந்து, அகலமான தட்டில் ஊற்றி உடனே தேயுங்கள். ஆழமான டப்பாவில் ஐந்து கிலோ கலந்துவிட்டு டீ குடிக்கப் போனவர் திரும்பி வரும்போது டப்பா உருகியிருக்கும்.

ஆக்சிலரேட்டரையும் (இறுகுவதை விரைவாக்கும் திரவம்) கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். வெடிக்கும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கரைத்து, பிறகு கேட்டலிஸ்ட். இப்போது விற்பதில் பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் ஏற்கனவே சேர்ந்தே வருகிறது, டப்பாவைப் படியுங்கள். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

பின்னுடலின் துணித் தோற்றம் ஃபைபரில் வருமா?

வரும், அச்சு எடுக்கும்போதே கவனித்தால். ஹரிக்கேனின் பின்பக்கம் வழவழப்பான குழாய் அல்ல. நீளவாட்டுச் சட்டங்கள் லேசாக மேடாகத் தெரியும், இரண்டு சட்டத்துக்கு நடுவே துணி சற்றே உள்வாங்கும். மாலை வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்த வரிகள் விழுவது தெரியும். ஹரிக்கேனை ஹரிக்கேனாகக் காட்டுவது அதுதான். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி விட்டால் படகு மாதிரி ஆகிவிடும். மூல அச்சுக்கு மரச் சட்டம் கட்டி, மேலே துணியை இழுத்து ஒட்டி, டோப் பூசி இறுக்கி, அதன் மேல் மெழுகு நாலைந்து தடவை தேய்த்து அச்சு எடுங்கள். உள்வாங்கல் தானாகவே பதியும்.

உண்மையான துணியையே போர்த்தினால் என்ன?

கூரைக்கு அடியில் நிற்கும் பிரதிக்குச் சிறந்த வழி. வெளியில் நிற்பதற்கு வேண்டாம். லினன் வெயிலில் சில வருடத்தில் நைந்துவிடும். விமானங்களுக்கான பாலியெஸ்டர் துணி கொஞ்சம் கூடத் தாங்கும், ஆனால் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு இல்லாவிட்டால் அதுவும் வெயிலுக்கு நிற்காது.

பாலியெஸ்டரை இறுக்குவது இஸ்திரிப் பெட்டி. முதல் சுற்று 120 டிகிரி, கடைசிச் சுற்று 175ஐ ஒட்டி. 190ஐத் தாண்டினால் துணி மறுபடி தளரும், அதற்கு மேல் போனால் உருகும். வீட்டு இஸ்திரிப் பெட்டியின் திருகில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அடித்தட்டில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். துணி ஒரே பக்கம் முதலில் இறுகினால் மெல்லிய சட்டங்கள் வளைந்து உடல் முறுக்கிக்கொள்ளும். இடம் வலமாக மாறி மாறி இறுக்குங்கள். டோப் எளிதில் தீப்பிடிக்கும். கிரைண்டர் ஓடும் பட்டறையில் டோப் பூசக்கூடாது.

மெர்லின் எந்தப் பக்கம் சுற்றும்? ப்ரொப்பெல்லரில் என்ன தவறு வருகிறது?

விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் வலச்சுற்று, எதிரில் நின்று பார்த்தால் இடச்சுற்று. எதிரில் நின்று படம் எடுத்துவிட்டு அலகை மாற்றிச் செதுக்கியவை நிறைய. தடித்த முன்விளிம்பு சுற்றும் திசையில் முந்தி வர வேண்டும். ப்ரொப்பெல்லரைச் சுற்றும்படி வைக்காமல் பூட்டிவிடுங்கள். காற்றில் சுற்றினால் மூன்றே மாதத்தில் தண்டு ஆடத் தொடங்கும், குழந்தைகள் கை நீட்டும் உயரமும் அதுதான். வால் கட்டுப்பாட்டுப் பலகைகளையும் இதே காரணத்துக்காகப் பூட்டுங்கள்.

துப்பாக்கிக்கு வேலையே இல்லை. இறக்கைக்கு நான்கு, மொத்தம் எட்டு 0.303 பிரவுனிங். பறப்பதற்கு முன் துளைகளின் மேல் சிவப்பு டோப் துணித் துண்டை ஒட்டி மூடியிருப்பார்கள். தூசியும் ஈரமும் புகாமலிருக்கத்தான் அது. நீங்களும் அந்தச் சிவப்புத் துண்டைப் பெயின்டில் போட்டால் உள்ளே குழாய்கூட வேண்டாம், தண்ணீரும் போகாது.

காக்பிட் கண்ணாடி ஓரம் விரிசல் விடுகிறது.

அக்ரிலிக் வெயிலில் விரியும். ஒரு மீட்டர் துண்டு 40 டிகிரி வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளும். ஸ்குரூவுக்கு இறுக்கமான துளை போட்டால் அந்தத் துளையிலிருந்தே விரிசல் தொடங்கும். துளையை 2, 3 மி.மீ. பெரிதாக்கி, ரப்பர் வாஷர் வைத்து, ஸ்குரூவை முடுக்காமல் நிறுத்துங்கள். துடைக்க சோப்புத் தண்ணீர் மட்டும். தின்னர், பெட்ரோல், அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் எதுவானாலும் நுண்விரிசல் வலையாகப் பரவும், அதற்குப் பிறகு மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

காற்றில் இது உண்மையிலேயே தூக்குமா?

தூக்கும். வால் சக்கரத்தில் நிற்கும் ஹரிக்கேனின் இறக்கை ஏற்கனவே பத்து டிகிரிக்கு மேல் தலை தூக்கி நிற்கிறது, எழும்புவதற்குத் தோதான நிலை. எதிர்க்காற்று மணிக்கு 72 கி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 25 கிலோ அழுத்தம், 24 சதுர மீட்டர் இறக்கையில் சுமார் 600 கிலோ தூக்கு. 108 கி.மீ. காற்றில் 1,350 கிலோ. 144இல் 2,400 கிலோ. உங்கள் பிரதியின் எடை ஒரு டன்தான். உண்மையான விமானத்தின் இறக்கையைக் கட்டிவிட்டு, அதை அமுக்கி வைத்திருந்த 620 கிலோ மெர்லினை விட்டுவிட்டோம்.

144 கி.மீ. காற்றுக்கு இரண்டு மடங்கு பாதுகாப்பு வைத்துக் கணக்கிட்டால், எடை போக நாலு டன் பிடிப்பு வேண்டும். ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2.4 டன். முன்சக்கரம் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கன மீட்டர், வாலுக்கு அதில் பாதி என்றால் சரிவரும். புயல் வரும் கரையோரத்தில் இது பற்றாது, பக்கக் காற்றில் கவிழ்வதும் தனிக் கணக்கு. உள்ளூர்க் காற்று வேகத்தை வைத்துப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

போல்ட் எதைப் பிடிக்கிறது என்பதைப் பாருங்கள். ஃபைபர் சக்கரத்தைக் கான்கிரீட்டில் பிணைத்தால் காற்றில் சக்கரம் மட்டும் அங்கேயே நிற்கும், விமானம் போய்விடும். கால் உறைக்குள் ஒரு எஃகுத் தூணை விட்டு, அது ஸ்பாரிலிருந்து நேராகக் கான்கிரீட்டுக்குள் இறங்கட்டும். டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும், பாரம் ஏற்ற வேண்டாம்.

தண்ணீர் எங்கிருந்து உள்ளே போகிறது?

எல்லா இடத்திலிருந்தும். அடைக்கப் பார்க்காதீர்கள், வெளியேற வழி வையுங்கள். அடைத்த இறக்கைக்குள்ளும் இரவுப் பனி நீராகத் தங்கும். ஒவ்வொரு அறையின் தாழ்ந்த புள்ளியிலும் 10 மி.மீ. துளை. அந்தத் தாழ்ந்த புள்ளியை விமானம் நிற்கும் நிலையில் பார்க்க வேண்டும். வால் தாழ்ந்து நிற்பதால் இறக்கையில் அது பின்விளிம்பை ஒட்டி வரும். மேசைமேல் தட்டையாக வைத்து நடுவில் துளை போட்டவர்களின் இறக்கையில் வாளி வாளியாகத் தண்ணீர் நிற்கிறது. துளைக்குப் பின்னால் துருப்பிடிக்காத கம்பி வலை வையுங்கள், இல்லாவிட்டால் குளவி கூடு கட்டி அடைத்துவிடும்.

பெயின்ட் எண்கள்?

பிரிட்டிஷ் தர அட்டை 381சி படி: அடர்பச்சை 641, மண்நிறம் 450, ஸ்கை 210, எழுத்துக்குரிய சாம்பல் 637. இரண்டு பாக டப்பாவில் வரும் பளபளப்பில்லாத பாலியுரித்தேன்தான் வெளியில் நிற்கும். அழுக்கு பிடித்தால் தேய்க்காதீர்கள், தேய்த்த இடம் பளபளக்கும்.

பக்கவாட்டு வட்டம் 35 அங்குலம் என்றால் உள்ளிருந்து விட்டங்கள் 5, 15, 25, 35: சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள். இறக்கையின் மேல்பக்கத்தில் சிவப்பும் நீலமும் மட்டும், சிவப்பின் விட்டம் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு. விமான எண் 8 அங்குல உயரம், கறுப்பு. 1940 கோடையின் வால் பட்டை விமானத்துக்கு விமானம் மாறும், படத்தைப் பார்த்தே போடுங்கள். மேல்பக்கப் பச்சை, மண்நிறத் திட்டுகள் எண் ஒற்றையா இரட்டையா என்பதைப் பொறுத்துக் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி வந்தன. இடது பக்கப் படம் கிடைக்காவிட்டால் வலது பக்கத்திலிருந்து ஊகிக்காதீர்கள். வினைல் ஸ்டிக்கர் வேண்டாம், விளிம்பு சுருண்டு கறுப்புக் கோடாகத் தெரியும்.

முப்பது வருடமாக வெளியில் நின்ற பழைய பிரதி கைக்கு வந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நாணயத்திலிருந்து. இறக்கையின் மேல் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு தட்டு. நல்ல இடம் "டிங்" என்று ஒலிக்கும், அடுக்கு பிரிந்த இடம் அட்டைப்பெட்டி மாதிரி மொத்தென்று ஒலிக்கும். மொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்கட்டியால் வளைத்துக்கொண்டே போங்கள். இறக்கை உடலோடு சேரும் மூலையிலும், கால் இறங்கும் இடத்திலும், தூண் தாங்கும் இடத்திலும் வளையங்கள் நெருக்கமாக விழும். பிறகு மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரே ஒரு 6 மி.மீ. துளை போட்டுப் பாருங்கள். வரும் தண்ணீர் செம்பழுப்பாக இருந்தால் உள்சட்டம் கரைகிறது. வினிகர் வாடை அடித்தால் ஃபைபருக்குள் ஈரம் ஊறிக் கொப்புளம் போட்டிருக்கிறது.

மணல் வீசிப் பழைய பெயின்டை எடுக்காதீர்கள், ஜெல்கோட்டும் சேர்ந்து போகும். எடுப்பதற்கு முன் ஒரு மூலையைப் படிப்படியாகத் தேய்த்துப் பாருங்கள். அடியில் பழைய எண்ணோ வேறு வண்ணமோ இருந்தால் படம் எடுத்து வைக்க வேண்டும்.

விரிசலை எப்படி அடைப்பது?

மேலே பட்டி பூசினால் அடுத்த கோடையில் அதே கோட்டில் திரும்பி வரும். விரிசல் ஏன் வந்தது என்று முதலில் பாருங்கள். அடியில் தாங்கல் இல்லாமல் தோல் ஆடுகிறதா, துருவேறிய எஃகு வீங்கித் தோலை உள்ளிருந்து தள்ளுகிறதா. காரணத்தைச் சரி செய்த பிறகுதான் தோல் வேலை.

விரிசலின் இரு பக்கமும் தோலின் தடிப்பைப் போல் பன்னிரண்டு மடங்கு சரிவாகத் தேயுங்கள், 3 மி.மீ. தோலுக்குப் பக்கத்துக்கு 36 மி.மீ. 60ஆம் எண் உப்புத்தாள், பிறகு சுத்தமான துணியில் அசிட்டோன். சிறிய துண்டில் தொடங்கி ஒவ்வொரு அடுக்கையும் பெரிதாக்கிக்கொண்டு போங்கள். பழைய பாலியெஸ்டரின் மேல் புதுப் பாலியெஸ்டரைவிட எபாக்சி நன்றாகப் பிடிக்கும். ஆனால் சாதாரண நறுக்கிழை மேட்டின் பசை எபாக்சியில் கரையாது, அதனால் எபாக்சிக்கு நெய்த இழைத் துணியைப் பயன்படுத்துங்கள். கொப்புளம் விட்ட இடத்தைத் திறந்து, நல்ல தண்ணீரில் பல முறை கழுவி, வாரக்கணக்கில் உலரவிட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

பழைய உண்மையான கருவிகள் கிடைத்தால் காக்பிட்டில் வைக்கலாமா?

போர்க்கால முள் கருவிகளில் இருளில் ஒளிரும் பூச்சு ரேடியம். ஒளி மங்கியிருக்கும், கதிர்வீச்சு மங்கியிருக்காது. பிரிக்காதீர்கள், சுரண்டாதீர்கள், கண்ணாடி உடைந்ததை வாங்காதீர்கள். வெளியில் நிற்கும் பிரதிக்கு அச்சடித்த முகப்புகளே போதும்.

கிரேனில் தூக்கும்போது?

இன்ஜின் இல்லாத பிரதியின் எடை மையம் உண்மையான விமானத்தைவிடப் பின்னால் இருக்கும். புத்தகத்தில் உள்ள தூக்கு இடத்தை நம்பிப் பட்டையைப் போட்டால் வால் தொங்கி மூக்கு வானத்தைப் பார்க்கும். முதலில் ஒரு கை உயரம் மட்டும் தூக்கி, வால் பக்கம் கயிறு பிடித்து, சமநிலை பார்த்து இறக்கிப் பட்டையை நகர்த்துங்கள். மூக்குக்குள் மணல் மூட்டை வைப்பதாக இருந்தால் அதைச் சட்டத்தில் கட்டுங்கள், ஃபைபரின் மேல் வைக்காதீர்கள். காற்று வீசத் தொடங்கினால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள், கிரேன் வாடகை போனால் போகட்டும்.